பென்ஷன் உயர்வும் வரி விதியும்

பென்ஷன்காரர்களுக்கு அகவிலை நிவாரணம் உயர்த்தப்பட்டது என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பத்திரிகைகளில் கொட்டை எழுத்துக்களில் செய்தி வருகின்றது. அதைப் படித்தவுடன் பென்ஷன் வாங்குகின்றவர், சர்க்கார் தமக்கு ஏதோ தர்மம் செய்துவிட்டதாகக் கருதி மகிழ்ச்சி அடைகின்றார். பென்ஷன் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர், "இவர்களுக்கென்ன, வீட்டில் உட்கார்ந்தபடியே உயர்வு வருகிறது" என்று வயிறெரிகின்றார். ஆனால் இந்த இருவரில் ஒருவராவது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. அறிவிக்கப்பட்ட உயர்வில் கைக்கு வந்து சேர்வது எவ்வளவு, வரி என்னும் பெயரால் வந்த வழியே திரும்பிப் போவது எவ்வளவு, அப்படிப் போவது எந்த நியாயத்தின் பேரில் என்பதே அந்தக் கேள்வி.

நம் ஜனங்களுக்கு விதி என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தந்தான் தெரியும். நெடுநாள் வழக்காடி ஜெயித்து வந்த பென்ஷன் பாக்கியில் எண்பதினாயிரம் ரூபாய் வரியாய்ப் பிடிக்கப்பட்டது என்றால், "எல்லாம் என் விதி" என்று நெற்றியைத் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐயா, அது விதிதான். ஆனால் உங்கள் நெற்றியில் எழுதினது அல்ல. டில்லியில் காகிதத்தின் மேல் மனிதர்கள் எழுதினது. மனிதன் எழுதினதை மனிதன் படிக்கலாம். படித்தால் அதில் உள்ள நன்மையை வாங்கிக்கொள்ளலாம். தவறு இருந்தால் இன்ன இடத்தில் தவறு என்று விரலை வைத்துக் காட்டித் திருத்தச் சொல்லலாம். இந்த வேலையைச் செய்வதற்காகவே இதை எழுதுகின்றோம்.

முதலாவதாக, பென்ஷன் என்பது என்ன என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். அது பிச்சையல்ல, சன்மானமுமல்ல. முப்பது வருஷம் உழைத்தவனுக்கு அன்றன்று கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலியின் ஒரு பகுதியே பென்ஷன். வெள்ளைக்காரன் காலத்தில் 1871-ல் எழுதப்பட்ட பென்ஷன் சட்டத்தின் 4-வது பிரிவு, பென்ஷனைப் பற்றிய வழக்கை சிவில் கோர்ட்டுகள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிற்று. எஜமான் கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் வாயை மூடிக்கொள் என்பதே அதன் தாத்பரியம். அந்த மனப்பான்மையை உடைக்க நூறு வருஷம் பிடித்தது. 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பென்ஷன் என்பது சர்க்காரின் இஷ்டத்தைப் பொறுத்த தானமல்ல, உத்தியோகஸ்தனின் உரிமை என்று தீர்ப்புச் சொல்லிற்று. அடுத்து 1982 டிசம்பர் 17-ந் தேதி நகரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1979 மார்ச்சு 31-ந் தேதியிலிருந்து ஓய்வு பெறுகின்றவர்களுக்கு மாத்திரம் நல்ல கணக்கில் பென்ஷன், அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பழைய கணக்கு என்று சர்க்கார் கோடு கிழித்திருந்தது. ஒரு நாள் முந்திப் போனவன் வயிறு வேறு, பிந்திப் போனவன் வயிறு வேறா என்று கேட்டதுபோல், அந்தக் கோட்டை அந்தத் தீர்ப்பு அழித்தது. அதனால்தான் இன்றைக்கும் டிசம்பர் 17-ந் தேதியைப் பென்ஷன்காரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தில், ஓய்வு பெற்ற தேதியைக் கொண்டு பென்ஷன்காரர்களைப் பிரித்து வைக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு எப்போதும் உண்டு என்று ஒரு பகுதி சேர்த்து, அது 1972 ஜூன் 1-ந் தேதி முதலே செல்லும் என்றும் எழுதிவிட்டார்கள். இப்போது வாங்குகின்ற பென்ஷன் எதையும் இது மாற்றவில்லை என்று நிதி மந்திரி சபையில் சமாதானம் சொன்னார். மாற்றவில்லை என்றால் சந்தோஷமே. ஆனால் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத கத்தியை ஒருவன் எதற்காகத் தீட்டி இடுப்பில் செருகிக்கொள்ளுகிறான் என்று கேட்பது தப்பாகுமா?

நிற்க. வாங்கிக்கொண்டிருக்கும் பென்ஷன் உயருவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிடும் அகவிலை நிவாரணம். இரண்டு, சம்பளக் கமிஷனின் சிபார்சுப்படி பென்ஷனையே திருத்துவது. 2016 ஜனவரி 1 முதல் பழைய அடிப்படைப் பென்ஷனை 2.57-ஆல் பெருக்கினதும், குறைந்த பென்ஷனை 9,000 ரூபாய் ஆக்கினதும் இந்த வகை. மூன்று, வயதுக்காகக் கொடுக்கும் கூடுதல்; 80 வயதில் நூற்றுக்கு 20, 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் நூற்றுக்கு நூறு. நான்கு, கோர்ட்டுத் தீர்ப்பினாலோ கிளர்ச்சியினாலோ கிடைப்பது. 2015 நவம்பரில் ராணுவத்தாருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட "ஒரே பதவி ஒரே பென்ஷன்" இதற்கு உதாரணம்.

இந்த நான்குக்கும் வருமான வரிச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ஒன்றேதான். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தில் சம்பளம் என்ற சொல்லுக்குள்ளேயே பென்ஷனும் அடக்கம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த 2025-ஆம் வருஷத்துப் புதுச் சட்டமும் இதில் மாறவில்லை. அடிப்படைப் பென்ஷனாயிருந்தாலும், விலைக்காகக் கொடுத்ததாயிருந்தாலும், கிழத்தனத்துக்காகக் கொடுத்ததாயிருந்தாலும், எல்லாம் வருமானம், எல்லாவற்றுக்கும் வரி. போரில் மாண்ட வீரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் பென்ஷன், பரம் வீர் சக்கரம் போன்ற வீர விருது பெற்றவரின் பென்ஷன் ஆகிய இவை போன்ற சிலவற்றுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. விலக்குக் கொடுக்க மனம் வந்தால் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கின்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

பென்ஷனுக்கு வரியே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு நெசவாளியும் ஒரு வண்டிக்காரனும் கடையில் வாங்கும் சோப்புக்கும் மருந்துக்கும் வரி கொடுக்கும்போது, மாதம் லட்ச ரூபாய் பென்ஷன் வாங்குகின்றவர் வருமான வரி கொடுப்பதில் அநியாயம் ஒன்றுமில்லை. நாம் கேட்பதெல்லாம், எது உண்மையான உயர்வு, எது உயர்வு போன்ற தோற்றம் என்பதைச் சட்டம் பகுத்துப் பார்க்க வேண்டாமா என்பதுதான்.

அகவிலை நிவாரணத்தையே எடுத்துக்கொள்ளுவோம். 2016-ல் நூறு ரூபாய் அடிப்படைப் பென்ஷன் உள்ளவருக்கு 2025 ஜூலை 1 முதல் 58 ரூபாய் அகவிலை நிவாரணம் சேர்ந்து 158 ரூபாய் ஆயிற்று. இதனால் அவர் பணக்காரர் ஆகிவிட்டாரா? அரிசி, பருப்பு, மருந்து, வாடகை எல்லாம் ஏறின பிறகு, அன்று வாங்கின சாமான்களையே இன்றும் வாங்குவதற்காகக் கொடுத்த 58 ரூபாய் அது. தேய்ந்துபோன செருப்புக்கு அடித்தோல் வைத்துக் கொடுத்துவிட்டு, "உனக்குப் புதுச் செருப்பு கொடுத்தேன், அதற்கு வரி கொடு" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, விலைக்கேற்ப உயர்ந்ததையும் வருமானம் என்றே வைத்துக்கொள்ளுவோம். அப்படியானால் வரி ஆரம்பமாகும் எல்லையும் விலைக்கேற்பத் தானாகவே உயர வேண்டும் அல்லவா? பழைய வரி முறையில் 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு 3 லட்சம் ரூபாய் என்ற எல்லை 2014-15-ல் வைத்தது. 80 வயதுக்கு மேற்பட்டவருக்கு 5 லட்சம் என்ற எல்லை 2011-12-ல் வைத்தது. பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவை நட்ட கல் போல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. புதிய முறையில் எல்லையை 2020-ல் இரண்டரை லட்சம், 2023-ல் 3 லட்சம், 2025-ல் 4 லட்சம் என்று உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் அதுவும் நிதி மந்திரிக்கு மனம் வந்தபோது உயர்ந்ததே தவிர, கணக்குப்படி உயர்ந்ததல்ல. அன்றியும் புதிய முறையில் கிழவருக்கும் வாலிபருக்கும் ஒரே எல்லைதான். 80 வயதானால் செலவு அதிகம் என்று சொல்லி ஒரு சர்க்கார் இலாகா நூற்றுக்கு இருபது கூட்டிக் கொடுக்கின்றது. அதே சர்க்காரின் மற்றொரு இலாகா, வயதைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லி வரி கேட்கின்றது. இரண்டு இலாகாவும் ஒரே கட்டிடத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளுவதில்லை போலும்.

விலையைக் கணக்கில் எடுப்பது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரிட்டனில் 2006 ஏப்ரல் 6 முதல் 2024 ஏப்ரல் 5 வரை, ஒருவர் தம் ஆயுளில் வரிச் சலுகையோடு சேர்க்கக்கூடிய பென்ஷனுக்கு ஒரு மொத்த வரம்பு இருந்தது. வாங்கிக்கொண்டிருக்கும் பென்ஷன் ஓரளவுக்கு மேல் உயர்ந்தால், அந்த அதிகப்படியை அந்த வரம்போடு ஒத்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்த அளவை எப்படி வைத்தார்கள்? நூற்றுக்கு 5 அல்லது சில்லறை விலைவாசி ஏற்றம், இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்குட்பட்ட சாதாரண உயர்வை அந்தச் சோதனைக்கு இழுக்கவில்லை. மாதா மாதம் வாங்கும் பென்ஷனுக்கு அங்கேயும் வருமான வரி உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. நாம் எடுத்துக்காட்டுவது ஒன்றே: விலையைச் சரிக்கட்டும் உயர்வு வேறு, அதற்கு மேற்பட்ட உண்மையான உயர்வு வேறு என்று ஒரு வரிச் சட்டத்தால் பிரித்துப் பார்க்க முடிந்திருக்கின்றது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நம் பார்லிமெண்டு மெம்பர்களையே பார்க்கலாம். 2018-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தின் மூலம், தங்கள் சம்பளமும் பென்ஷனும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை விலைவாசிக் குறியீட்டின்படி தாமாகவே உயரும்படி அவர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதன்படி 2023 ஏப்ரல் 1 முதல் அவர்களுடைய குறைந்த பென்ஷன் மாதம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாய் ஆயிற்று. தங்களுக்கு என்றால் விலைவாசி கண்ணுக்குத் தெரிகின்றது. ஊராருக்கு என்றால் கண் மங்கிவிடுகின்றது.

இனி, வரும் உயர்வை நிறுத்தி வைத்த கதை ஒன்று உண்டு. கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டி 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணை அகவிலை நிவாரணத்தை மத்திய சர்க்கார் நிறுத்திற்று. 2021 ஜூலை 1-ந் தேதி நூற்றுக்கு 17 என்பதை 28 ஆக உயர்த்தினார்கள். இடையில் போன பதினெட்டு மாதத்துக்குப் பாக்கி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கடை வீதியில் விலை பதினெட்டு மாதம் நின்றுகொண்டிருக்கவில்லை. கொடுக்க வேண்டியதைத் தவறவிட்ட சர்க்காருக்குத் தண்டனை இல்லை. கட்ட வேண்டிய வரியைத் தவறவிட்ட பென்ஷன்காரனுக்கு மாத்திரம் வட்டி உண்டு.

இப்பொழுது ஒரு வேடிக்கையைச் சொல்லுகிறோம். வாசகர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். 2025-26-ஆம் வருஷத்துக்குப் புதிய முறைப்படி, கழிவு போக நிகர வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவருக்கு வரி முழுவதும் தள்ளுபடி. ஒரு பென்ஷன்காரருக்கு நிகர வருமானம் சரியாக 12,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி இல்லை. அகவிலை நிவாரணம் ஏறினதால் அவருக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் கூட வருகின்றது. எல்லையைத் தாண்டினவருக்குத் தாண்டின தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒரு சலுகை இருக்கின்றது. அதன்படி வரி 10,000 ரூபாய். ஆனால் அதோடு முடியவில்லை. சுகாதாரத்துக்கும் கல்விக்கும் என்று நூற்றுக்கு 4 வீதம் உபவரி 400 ரூபாய் சேருகின்றது. ஆக வந்த உயர்வு 10,000. போன வரி 10,400. உயர்வே கிடைக்காமல் இருந்திருந்தால் அவர் 400 ரூபாய் லாபத்தில் இருந்திருப்பார்! எல்லைக்கு மேல் சுமார் 70,000 ரூபாய் வரைக்கும் இதே கதைதான். இவ்வளவு பென்ஷன் வாங்குகின்றவர்கள் சிலரே என்பதும், அவர்கள் பட்டினி கிடப்பவர்கள் அல்ல என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கணக்குப் பிழை பணக்காரன் ஏட்டில் இருந்தாலும் பிழைதான். நூறு ரூபாய் கொடுத்து நூற்று நான்கு ரூபாய் வாங்குவதை நியாயப்படுத்தும் கணித சாஸ்திரம் உலகத்தில் எங்கும் இல்லை.

இதைவிட முக்கியமானது பாக்கி விஷயம். இது சாதாரணப் பென்ஷன்காரரைப் பிடிப்பது. ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. நியாயப்படி 42,500 வர வேண்டும் என்று வழக்காடினார். ஆறு வருஷம் கழித்து ஜெயம். 2019-20 முதல் 2024-25 வரை மாதம் 12,500 வீதம் 72 மாதத்துக்கு 9,00,000 ரூபாய் பாக்கி 2025-26-ல் ஒரே தடவையாய் வருகின்றது. அந்த வருஷத்துப் பென்ஷன் 5,10,000. இரண்டும் சேர்ந்து 14,10,000. புதிய முறையின் நிலைக் கழிவு 75,000 போக 13,35,000. இதற்கு வரி 80,250, உபவரி 3,210, ஆக 83,460 ரூபாய்.

இந்தப் பணம் அந்தந்த மாதத்திலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருஷத்துக்கு 5,10,000. அன்றைய கழிவு 50,000 போக 4,60,000. 2019-20 முதல் 5 லட்சத்துக்குட்பட்ட நிகர வருமானத்துக்கு வரி முழுவதும் தள்ளுபடி. வேறு வருமானம் இல்லாத அவருக்கு ஆறு வருஷத்திலும் வரி ஒரு காசுகூட இராது. அதாவது, சர்க்கார் காலத்தில் கொடுத்திருந்தால் வரி இல்லை; சர்க்கார் தாமதித்ததால் வரி 83,460 ரூபாய். தாமதித்தவனுக்கு லாபம், காத்திருந்தவனுக்கு நஷ்டம்.

இந்த அக்கிரமத்துக்குச் சட்டத்திலேயே பரிகாரம் இருக்கின்றது. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 89-வது பிரிவு அது. பாக்கியைச் சேர்த்தும் சேர்க்காமலும் வந்த வருஷத்துக்கு ஒரு கணக்கு. பாக்கி எந்தெந்த வருஷத்துக்கு உரியதோ அந்தந்த வருஷத்தில் சேர்த்தும் சேர்க்காமலும் ஒரு கணக்கு. முதல் கணக்கில் கூடும் வரி இரண்டாவது கணக்கில் கூடும் வரியைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவும் தள்ளுபடி. நாம் சொன்ன உதாரணத்தில் 83,460 ரூபாயும் தள்ளுபடி. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் இது உண்டு. குடும்பப் பென்ஷன் பாக்கிக்கும் உண்டு. புதுச் சட்டத்தில் பிரிவெண் மாறிற்றே தவிர, இந்த நிவாரணம் போகவில்லை.

ஆனால் இதற்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பழைய சட்டத்தின் கீழ் 10-ஈ என்ற படிவத்தை வரி இலாகாவின் இணைய தளத்தில் நிரப்பி அனுப்பினால்தான் இந்த நிவாரணம். வருமான விவரத்தை அனுப்புவதற்கு முன்பே அதை அனுப்பிவிட வேண்டும். கணக்கு எவ்வளவு சரியாயிருந்தாலும், படிவம் போகவில்லையானால் நிவாரணம் இல்லை என்று சொல்லிப் பாக்கி வரி கேட்டுக் கடிதம் வந்துவிடும். 70 வயதுக் கிழவர், கண் மங்கினவர், கையில் கம்ப்யூட்டர் இல்லாதவர், அந்தப் படிவத்தின் பெயரையே கேள்விப்படாதவர் என்ன செய்வார்? புரியாத மந்திரத்துக்குத் தட்சணை கொடுப்பதுபோல், புரியாத படிவத்துக்குத் தரகனிடம் பணம் கொடுப்பார். அல்லது எல்லாம் விதி என்று வரியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு பென்ஷன் கொடுக்கின்ற ஆபீசில் இருக்கின்றது. எந்த வருஷத்தில் எவ்வளவு வரி என்ற கணக்கு வரி இலாகாவில் இருக்கின்றது. இரண்டும் சர்க்காரின் கையிலேயே இருக்கும்போது, அதைக் கூட்டிக் கழிக்கும் வேலையை மாத்திரம் கிழவன் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

இது எங்கோ ஒருவருக்கு வரும் கஷ்டமல்ல. ராணுவத்தாரின் "ஒரே பதவி ஒரே பென்ஷன்" திருத்தம் 2019 ஜூலை 1 முதல் செல்லுபடியாக வேண்டியது. அதன் பாக்கி வராமல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2023 மார்ச்சு 20-ந் தேதி கோர்ட்டு தவணை வகுத்துக் கொடுத்தது. குடும்பப் பென்ஷன்காரருக்கும் வீர விருது பெற்றவருக்கும் 2023 ஏப்ரல் 30-க்குள். 70 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஜூன் 30-க்குள். மற்றவர்களுக்கு மூன்று தவணையாய் 2024 பிப்ரவரிக்குள். பல வருஷத்துப் பாக்கி ஏறக்குறைய ஒரே வரி வருஷத்தில் வந்து குவிந்தது. அவர்களில் 89-வது பிரிவைத் தெரிந்து பயன்படுத்திக்கொண்டவர் வரியைக் குறைத்துக்கொண்டார், தெரியாதவர் கட்டினார். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்று சொன்னார்கள். ஆனால் ஒரே பென்ஷனுக்கு ஒரே வரி இல்லை. அறிந்தவனுக்கு ஒரு வரி, அறியாதவனுக்கு ஒரு வரி. அறியாமைக்கு இவ்வளவு பச்சையாய் அபராதம் போடும் ஏற்பாடு வேறு எங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்தபடியாக, விதவைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாக வாங்கினார். அவர் இறந்தால் சில வருஷ காலம் கழிந்த பின் மனைவிக்கு வருவது அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 30. அதாவது ஐந்து ரூபாய் வந்த வீட்டில் மூன்று ரூபாய். ஆள் போனதால் வீட்டு வாடகையும் விளக்குச் செலவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுமா? அதோடு நிற்கவில்லை. புருஷன் வாங்கினால் அது சம்பளம். புதிய முறையில் 75,000 ரூபாய் கழிவு. மனைவி வாங்கினால் அது சம்பளமல்ல, இதர வருமானம். மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் கழிவு. பழைய முறையில் அந்தத் தொகை 15,000. ஒரே உழைப்பிலிருந்து வந்த ஒரே பணம், ஆண் கையிலிருந்து பெண் கைக்கு மாறினவுடன் பெயரும் மாறி மதிப்பும் குறைந்துவிடுகின்றது. முப்பது வருஷம் அவன் ஆபீசுக்குப் போனதற்கு, வீட்டில் அடுப்பையும் பிள்ளைகளையும் அவள் பார்த்துக்கொண்டதே காரணம் என்பதைச் சட்டம் எழுதினவர்கள் அறியமாட்டார்களா? 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் இன்று இந்த வித்தியாசம் அநேகம் பெண்களின் பையைத் தொடாமல் இருக்கலாம். ஆனால் வாடகை வருமானமோ, பாக்கியோ சேரும்போது தொடத்தான் செய்யும். தொகை சிறிதென்றாலும், பெண்ணின் உரிமை புருஷனுடைய நிழல்தான் என்கின்ற மனப்பான்மை சிறிதல்ல.

இவ்வளவும் படித்துவிட்டு, நூல் மில்லிலும் செருப்புத் தொழிற்சாலையிலும் வேலை செய்து ஓய்ந்த தோழர் ஒருவர், "எங்களுக்கு வரி கட்டுமளவுக்குப் பென்ஷன் இருந்தால் போதுமே" என்று சொல்லலாம். அவர் சொல்லுவது முற்றிலும் சரி. 1995-ஆம் வருஷத்துத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் 2014 செப்டம்பரில் குறைந்த பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருஷம் கடந்த பிறகும் அது 1,000 ரூபாயாகவே இருந்தது. அதற்கு அகவிலை நிவாரணம் என்பதே கிடையாது. 2014-ல் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினதை அதற்குப் பத்து வருஷம் கழித்து அதே ஆயிரத்துக்கு வாங்க முடியாது என்பது சந்தைக்குப் போகும் சிறுவனுக்கும் தெரியும். ஆகவே, உயர்வே இல்லாத பென்ஷனுக்கும் ஒரு வரி இருக்கின்றது. அதன் பெயர் விலைவாசி. அதை யாரும் ரசீது போட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான். சர்க்கார் பென்ஷன்காரர் தம் உயர்வுக்கு வரிச் சலுகை கேட்கும்போது, மில் தொழிலாளிக்கு உயர்வு கேட்கவும் சேர்ந்து குரல் கொடுக்காவிட்டால், அவர் கேட்பது நியாயமல்ல, சலுகைதான் என்று சொல்லுவோம். தொழிலாளியும், "பென்ஷன்காரனுக்கென்ன" என்று வயிறெரிவதை விட்டுவிட்டு, "அவனுக்கு விலைக்கேற்ற உயர்வு உண்டென்றால் எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கப் பழக வேண்டும். இருவரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பொறாமைப்படும்படி விட்டுவிட்டு, கொடுக்க வேண்டியவன் தப்பித்துக்கொள்ளுகிறான்.

ஆகவே நாம் கேட்பவை இவை. வரி ஆரம்பிக்கும் எல்லையும் தள்ளுபடி எல்லையும் விலைவாசிக் குறியீட்டின்படி வருஷந்தோறும் தாமாக உயர வேண்டும். பார்லிமெண்டு மெம்பர் பென்ஷனுக்கு முடிந்தது இதற்கும் முடியும். எல்லையைத் தாண்டினவரிடம் தாண்டின தொகையைவிட அதிகம் பிடுங்காதபடி, உபவரியையும் அந்தச் சலுகைக்குள் சேர்க்க வேண்டும். பாக்கிக்கான நிவாரணத்தைப் பென்ஷன் கொடுக்கும் ஆபீசும் வரி இலாகாவும் தாங்களே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். படிவம் போகவில்லை என்பதற்காக உரிமை போகக் கூடாது. வயதுக்காகக் கூட்டிக் கொடுப்பது உண்மையானால், புதிய முறையிலும் வயதானவருக்கு எல்லை உயர வேண்டும். விதவைக்குப் புருஷனுக்கு இருந்த அதே கழிவு வேண்டும். தொழிலாளர் பென்ஷனுக்கு விலைக்கேற்ற உயர்வு வேண்டும்.

இவை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பென்ஷன் பாக்கி வாங்குகின்ற ஒவ்வொருவரும், எந்த வருஷத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதின கணக்குச் சீட்டை ஆபீசில் கேட்டு வாங்குங்கள். வருமான விவரம் அனுப்புவதற்கு முன்னால் பாக்கி நிவாரணப் படிவத்தை அனுப்புங்கள். பாங்கி முன்பே வரி பிடித்திருந்தால், விவரத்தில் காட்டித் திருப்பி வாங்குங்கள். பழைய முறை, புதிய முறை இரண்டிலும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். வியாபார வருமானம் இல்லாதவருக்கு வருஷந்தோறும் அந்த உரிமை உண்டு. ஊரில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் படிப்பகத்தில் உட்கார்ந்து, தெருவிலுள்ள பென்ஷன்காரருக்கும் விதவைகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தால், அது நூறு கூட்டத்தில் பேசுவதைவிடப் பெரிய காரியம்.

உழைத்த கூலியைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் இல்லை. அதில் எவ்வளவு குறைந்தது என்று எண்ணிப் பார்ப்பதிலும் வெட்கம் இல்லை. எண்ணத் தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். ஆகையால் எண்ணிப் பாருங்கள், பிறகு கேளுங்கள் என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.